ஆன்டிபயாட்டிக் குடித்த குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளியா?

பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக்கான அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்து அனுப்பிய குழந்தை ஐந்தாறு நாளில் திரும்பி வரும். காய்ச்சல் விட்டிருக்கும், ஓடியாடி விளையாடும். ஆனால் வயிறு, முதுகு முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். "மருந்து அலர்ஜி ஆகிடுச்சு டாக்டர்" என்று பெற்றோர் பதறுவார்கள். பெரும்பாலும் அது அலர்ஜியே இல்லை. பல சமயம் காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸே புள்ளிகளையும் கிளப்பியிருக்கும். பழி மருந்தின்மேல் விழும்.

அலர்ஜித் தடிப்பு வேறு மாதிரி. கொசு கடித்ததுபோல் மேடாக எழும்பும், கடுமையாக அரிக்கும், ஓரிடத்தில் அடங்கி இன்னோர் இடத்தில் கிளம்பும். மருந்து கொடுத்த சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணி நேரத்துக்குள் வந்தால் சந்தேகம் வலுக்கும். கூடவே உதடோ இமையோ வீங்கினால், மூச்சுத் திணறினால், விடாமல் வாந்தி எடுத்தால், குழந்தை துவண்டுபோனால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். தோல் கொப்பளித்து உரிவதும், வாயும் கண்ணும் புண்ணாவதும் அரிதுதான். வந்தால் அதே அவசரம்.

எந்தப் புள்ளியானாலும் போனில் படம் எடுத்து வையுங்கள். எங்களிடம் வரும்போது பாதி மறைந்திருக்கும். எந்த மருந்து, எத்தனையாவது டோஸ், எவ்வளவு நேரம் கழித்து என்பதையும் குறித்துக்கொண்டு, அடுத்த டோஸுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் 'பென்சிலின் அலர்ஜி' என்று ஃபைலில் ஏறிவிடும். குழந்தை வளர்ந்து பெரிய ஆளான பிறகும் இறங்காது. அப்படி எழுதப்பட்டவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு பென்சிலின் ஒத்துக்கொள்கிறது. அதுவரை தேவையில்லாமல் வேறு, வீரியமான மருந்துகள்தான். அதற்காக வீட்டிலேயே மறுபடி கொடுத்துப் பார்த்துவிடாதீர்கள்!

வயிற்றுப்போக்கு இன்னும் சாதாரணம், குறிப்பாக கிளாவுலனேட் என்ற துணை மருந்து சேர்ந்த அமாக்சிசிலினில். சாப்பிடத் தொடங்கும்போதே அந்த மருந்தைக் கொடுத்தால் ஓரளவு குறையும். ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், பேதியை நிறுத்தும் மருந்து வேண்டாம். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். டயபர் போடும் இடம் சிவந்து, ஓரத்தில் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குப் பவுடர் உதவாது, தனி களிம்பு உண்டு.

அப்புறம் ஒன்று. செஃப்டினிர் என்ற ஆன்டிபயாட்டிக் குடிக்கும் குழந்தைக்கு இரும்புச்சத்து டானிக்கோ, இரும்புச்சத்து சேர்த்த பால் பவுடரோ கொடுத்தால் மலம் சிவப்பாகப் போகலாம். இது ரத்தம் இல்லை. ஆனாலும் அந்த டயபரைத் தூக்கிப் போடாமல் கொண்டுவந்து காட்டுங்கள், பார்த்துச் சொல்லிவிடுகிறோம்.