பட்டு ஏன் மடிப்பிலேயே கிழிகிறது?

பாட்டியின் முகூர்த்தப் பட்டை அம்மா பல வருடம் கழித்து பீரோவிலிருந்து எடுத்தார். பிரித்தால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல மடிப்பு நெடுகக் கிழிசல். பூச்சி அரித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. பத்திரமாக வைத்த சேலைக்கா இந்தக் கதி என்று மனசு கேட்கவில்லை.

பட்டு, தலைமுடியைப் போல ஒரு புரதம். ஃபைப்ராயின் என்று பெயர். நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள்தான் அதன் பலம். வெயில், அலசாமல் விட்ட வியர்வை, காற்றின் ஈரம் எல்லாம் அந்தச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டிக்கின்றன. பார்வைக்கு இழை அப்படியேதான் இருக்கும். ஆனால் வளைந்த இடத்தில் முறிந்துவிடும்.

சரிகைப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அசல் சரிகை என்பது, பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடியுமே, மடிப்பிலும் அதுதான் நடக்கிறது. ஒடிந்த முனை பக்கத்துப் பட்டிழையையும் அறுக்கும். சரிகை கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். வெள்ளியோடு சேர்ந்து அவை வெள்ளி சல்ஃபைடாகின்றன. அதற்காகப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், முலாமும் போய்விடும்.

சரி, அசல் பட்டுதானா என்று எப்படிப் பார்ப்பது? முந்தானைக் குஞ்சத்தில் ஒரே ஒரு இழையை எடுத்து, சேலையைத் தள்ளி வைத்துவிட்டுக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையாக இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் (தறியில் குறுக்கு நூலை ஓட்டும் கட்டை) நெய்து கோர்த்தவை என்பதால், சேரும் இடம் ரம்பப்பல் போலத் தெரியும். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பதில் எனக்கு அலாதி ஆசை.

என்சைம் கலந்த சோப்புத்தூள் பக்கமே போகாதீர்கள். கறையிலுள்ள புரதத்தைச் சிதைக்கவே அதைச் சேர்க்கிறார்கள், பட்டும் புரதம்தானே. பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். அந்துருண்டை சேலையில் படக் கூடாது. ஹேங்கரில் நாள்கணக்கில் தொங்கவிட்டால் சரிகையின் கனமே நைந்த பட்டை இழுத்துக் கிழிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றுங்கள்.

பாட்டியின் சேலையை அம்மா இப்போது மடிப்பதே இல்லை. வேட்டித் துணி சுற்றிய அட்டைக் குழாயில் உருட்டி வைத்திருக்கிறார்.