சிறுநீரில் யுரேனியம் குறைவு என்றால் நிம்மதியா?

யுரேனியம் எரிபொருள் ஆலையில் காற்றில் பறக்கும் தூசி எல்லாம் ஒன்றல்ல. யுரேனைல் நைட்ரேட் நுரையீரலில் உடனே கரைந்து ரத்தத்தில் கலந்துவிடும். உயர் வெப்பத்தில் சுட்ட யுரேனியம் டைஆக்சைடு அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1994-இல் வெளியிட்ட சுவாசப்பாதை மாதிரி இவற்றை எஃப், எம், எஸ் (வேகம், நடுத்தரம், மெதுவு) என்று பிரித்தது.

பிரிவை மாற்றிப் போட்டால் கணக்கே மாறும். அந்த மாதிரியின் கணக்குப்படி, 5 மைக்ரான் தூசியாக 1000 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) யுரேனியம்-238 உள்ளே போனால், உடல் பெறும் கதிர்வீச்சு டோஸ் எஃப் வகைக்கு 0.58 மில்லிசீவர்ட், எம் வகைக்கு 1.6, எஸ் வகைக்கு 5.7. ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம். புளுட்டோனியம்-239-இல் இது தலைகீழ்: எம் வகைதான் அதிக டோஸ் தரும், ஏனென்றால் கரைந்தது எலும்பிலும் கல்லீரலிலும் போய்த் தங்கிவிடுகிறது. கரையும் யுரேனியத்திலோ கதிர்வீச்சைவிட, சிறுநீரகத்துக்கு வரும் ரசாயன நச்சுப் பாதிப்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஆகவே கையேட்டு எண்ணை அப்படியே எடுத்துப் போடாமல், அந்தந்த வேலையிடத்துத் தூசியையே சோதிப்பது நல்லது. காற்று மாதிரியின் தூசியை 0.1 மைக்ரான் துளையுள்ள இரண்டு வடிபடலங்களுக்கு நடுவே வைத்து, நுரையீரல் திரவத்தை ஒத்த கரைசலில் 37 டிகிரியில் ஊறவிடுகிறார்கள். கரைசலின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.3 அளவில் நிற்க 5 சதவீத கார்பன் டைஆக்சைடு வேண்டும். மூடி சரியாக இல்லாவிட்டால் வாயு வெளியேறி பிஎச் ஏறும். கால்சியம் உப்புகள் படிந்து படலத்தை அடைக்கும். நன்றாகக் கரையும் பொருள்கூட கரையாதது போலத் தெரியும். முதல் நாளில் கரைசலைச் சில மணிக்கு ஒருமுறை மாற்றி அளக்க வேண்டும். அதைத் தவறவிட்டால், பிறகு எத்தனை வாரம் அளந்தாலும் வேகமாகக் கரைந்த பங்கின் வேகம் பிடிபடாது.

தொழிலாளியின் உடலுக்குள் எவ்வளவு போனது என்று அறிய எடுக்கும் சிறுநீர் மாதிரியில் இன்னும் கவனம் வேண்டும். குளித்து, வேலை உடுப்பை மாற்றிய பிறகே எடுக்கச் சொல்லுங்கள். விரலில் ஒட்டிய தூசி மாதிரியில் விழுந்தால் முடிவே பாழ். சில ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே யுரேனியம் அதிகம் இருக்கும் என்பதால், பணியில் சேரும் அன்றே ஒரு மாதிரி எடுத்து வைப்பது அவசியம்.

எஸ் வகைத் தூசி நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் கசிகிறது. சிறுநீர் எண் சிறிதாக இருப்பதால் மட்டும் அந்தத் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிடாதீர்கள். நுரையீரலில் தங்கியதை மார்புக்கு வெளியிலிருந்து கருவியால் அளக்கும் மார்புக் கதிரளவீடும், சுவாசித்த முதல் சில நாட்களின் மலப் பரிசோதனையும் சேர்ந்தால்தான் உள்ளே போனது எவ்வளவு என்று கணிக்க முடியும்.