வயிறு நிறைந்தும் மெலியும் செம்மறிகள்: பயிர்க்கழிவைத் தீவனமாக்கும்போது கவனிக்க வேண்டியவை

சோளத்தட்டையை நாள் முழுக்க மென்று வயிறு உருண்டிருக்கும் ஆட்டின் முதுகில் கை வைத்தால், எலும்பு முள்முள்ளாகத் தட்டுப்படும். தொட்டியில் எப்போதும் தீனி இருக்கிறதே, பிறகு ஏன் மெலிகிறது என்று வளர்ப்போர் திகைப்பார்கள். குடற்புழுவாலும் இப்படி ஆகலாம். புழுக்கையைப் பரிசோதித்தால் அது தெரிந்துவிடும். புழு இல்லையென்றால் குறை பெரும்பாலும் தீனியில்தான்.

தட்டையின் நாரை ஆடு தானாகச் செரிப்பதில்லை. அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதை உடைத்துக் கொடுக்கின்றன. அவை பெருகப் புரதம் வேண்டும். தீவனத்தின் உலர் எடையில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் குறைகின்றன, நார் செரியாமல் வயிற்றிலேயே தங்குகிறது, உள்ளே இடம் காலியாகாததால் ஆடு தின்பதையும் குறைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்க்க வயிறு நிறைந்திருக்கும், உடல் மட்டும் கரையும்.

நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். சோளத்தட்டையும் கம்பந்தட்டையும் ஏறக்குறைய அதே அளவு, மக்காச்சோளத் தட்டையும் கரும்புத் தோகையும் சற்றுக் கூடுதல். இவை எதையும் தனித் தீவனமாகப் போடக்கூடாது. நிலக்கடலைக் கொடி, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறுச் செடிகளில் இலை உதிராமல் இருந்தால் 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். புல்லினத் தட்டைக்குத் துணையாகப் பயறினக் கொடி எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும்.

கணக்கு எளிது. செம்மறி தன் எடையில் 3 முதல் 4 சதவீதம் வரை உலர்தீவனம் தின்னும். 30 கிலோ ஆட்டுக்குச் சுமார் 1 கிலோ என்று வையுங்கள். அதில் சோளத்தட்டை 500 கிராம், கடலைக்கொடி 400 கிராம், கடலைப் புண்ணாக்கு 100 கிராம் கொடுத்தால், தட்டையிலிருந்து 20, கொடியிலிருந்து 40, புண்ணாக்கிலிருந்து 40, ஆக 100 கிராம் புரதம் கிடைக்கும். அதாவது 10 சதவீதம். சினையில்லாத பெட்டைக்கு இது தாராளம். வளரும் குட்டிக்குப் போதாது; அதற்கு 14 சதவீதமாவது வேண்டும், கூடவே தானியமும் வேண்டும். சினை ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரத்தில் தட்டையின் பங்கைக் குறைத்துவிடுங்கள். கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி அந்த நாட்களில்தான் நடக்கிறது. கருப்பை வளர வளர இரைப்பைக்கு இடம் சுருங்கும், அந்தச் சிறிய இடத்தைச் சத்தில்லாத நாரால் அடைப்பது தாய்க்கும் குட்டிக்கும் செய்யும் கெடுதல்.

பயறினக் கொடியின் மதிப்பெல்லாம் இலையில் இருக்கிறது. நண்பகல் வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்த கொடியை வாரினால் இலை களத்திலேயே உதிர்ந்து, வெறும் தண்டுதான் வீட்டுக்கு வரும். இரண்டு மூன்று நாள் புரட்டிப் போட்டுக் காயவைத்து, காலை இளம்பதத்தில் வாரி அடுக்குங்கள். பனி ஈரம் ஒட்டியிருக்கும்போதும் அடுக்கக் கூடாது. தண்டை முறுக்கினால் 'சடக்' என்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தரையிலிருந்து ஓரடி உயர்த்திய பரணில் போர் போடுங்கள். மழையில் நனைந்து கருத்த கொடியில், குறிப்பாகச் சொத்தைக் காய் ஒட்டியிருந்தால், பூஞ்சை நஞ்சு உருவாகியிருக்கலாம். மறுபடி காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் மனம் வராதுதான், ஆனாலும் அதை எருக்குழியில் போடுவதே சரி.

வைக்கோலை விட்டால் வேறு வழியில்லாத இடத்தில் யூரியாவால் பதப்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். யூரியா முழுக்கக் கரைந்த பிறகு, வைக்கோலை ஐந்து அடுக்காகப் பரப்பி ஒவ்வோர் அடுக்கிலும் பூவாளியால் சமமாகத் தெளித்து, மிதித்து அழுத்தி, கிழிசல் இல்லாத பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விடுங்கள். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா நாரை இளக்கும், புரத அளவும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தாளில் ஓட்டை இருந்தால் அம்மோனியா வெளியேறி, அந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். நன்றாகப் பதமானது பழுப்பு மஞ்சளாக, கையில் மெத்தென்று இருக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை எடுத்து, மூக்கை எரிக்கும் நெடி போகும் வரை நிழலில் பரப்பிவைத்த பிறகே போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இது ஆகாது. மிஞ்சிய யூரியாக் கரைசலை வாளியோடு விட்டுவிடுவதுதான் மிகக் கொடிய கவனக்குறைவு. தாகத்தில் அதைக் குடித்த ஆடு சில மணி நேரத்தில் செத்துவிடும்.

மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையான திப்பி மாவுச்சத்து மிகுந்தது, புரதம் இல்லை என்றே சொல்லலாம். தவிட்டுக்குப் பதிலாக அதைக் கருதக் கூடாது. மரவள்ளி இலையில் நல்ல புரதம் உண்டு, ஆனால் பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள சயனைடு கொல்லும். நறுக்கி, வெயிலில் நன்கு உலர்த்தி, மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுக்கலாம்.

நெல் தவிட்டைக் கிடாவுக்கு அதிகம் போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இரண்டின் பொருத்தம் கெட்டால் சிறுநீரில் கல் சேரும். கிடாவின் சிறுநீர்க் குழாய் நீண்டு வளைந்தது, குறுகியது. சிறு கல்லே அடைத்துவிடும். சிறுவயதில் காயடித்தவற்றில் குழாய் இன்னும் குறுகல். முக்கி முக்கி நின்று சொட்டுச் சொட்டாக விடும் கிடாவை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு இரு பங்கு கால்சியம் இருக்குமாறு சுண்ணாம்புக்கல் தூள் சேர்ப்பதும், உப்புக்கட்டி தொங்கவிட்டு நிறையத் தண்ணீர் குடிக்க வைப்பதும் தடுப்பு வழி. தாது உப்புக் கலவை வாங்கும்போது செம்மறிக்கென்று தயாரித்ததையே வாங்குங்கள். மாட்டுக்கும் கோழிக்கும் உள்ள கலவையில் தாமிரம் அதிகம்; செம்மறியின் ஈரலில் அது மாதக்கணக்கில் சேர்ந்து, திடீரென ஒருநாள் மஞ்சள்காமாலையும் சிவந்த சிறுநீருமாக வெளிப்படும்.

அறுத்த காட்டில் மந்தையை விடுவதும் பயிர்க்கழிவைத் தீவனமாக்குவதுதான், ஆபத்தும் அங்கேதான் அதிகம். சிந்திக் கிடக்கும் மக்காச்சோளமோ நெல்லோ வயிற்றில் ஒரேயடியாகச் சேர்ந்தால் புளித்து அமிலமாகும். ஆடு பல்லை நறநறவென்று கடித்து, தள்ளாடி, புளித்த நாற்றத்தோடு கழியும். முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று கூட்டிச் செல்லுங்கள். காலையில் வைக்கோலைத் தின்ன வைத்துவிட்டு ஓட்டுங்கள். வெறும் வயிற்றோடு விடாதீர்கள். தானியத்தை மிதமிஞ்சித் தின்ற ஆட்டின் குடலில் கிருமி பெருகி நஞ்சு சேர்வதால் வருவது துள்ளுமாரி நோய். அதற்கான தடுப்பூசியை அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். மேய்ச்சலுக்கு விட்ட பிறகு போட்டால் பாதுகாப்பு வந்து சேருவதற்குள் ஆடு விழுந்துவிடும்.

அறுத்த சோளக் கட்டையில் மழைக்குப் பின் துளிர்க்கும் இளங்குருத்தைக் கண்டால் மந்தையை அந்தப் பக்கமே விடாதீர்கள். பச்சைப்பசேலென்று ஆசையைத் தூண்டும் அந்தத் துளிரில்தான் சயனைடு அதிகம், வறட்சியில் வாடியதில் இன்னும் அதிகம். பருத்தி, மிளகாய், காலிபிளவர் காடுகளில் கடைசியாக எந்த மருந்து எப்போது அடித்தார்கள் என்று உரியவரிடம் கேட்ட பிறகே இறக்குங்கள்.

புதிய தீனி எதுவானாலும் பழைய தீனியோடு கால் பங்கில் தொடங்கி, பத்து முதல் பதினான்கு நாளில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். தட்டையை ஓர் அங்குலத்துக்கு நறுக்கினால் சேதாரம் குறையும். மாவாக அரைத்தால் அசைபோடுவது குறைந்துபோகும். காலையில் தொட்டியில் மிஞ்சியதை நிறுத்துப் பாருங்கள். போட்டதில் பத்தில் ஒரு பங்கு தடித்தண்டு மிஞ்சினால் அளவு சரி. தொட்டி துடைத்துவிட்டதுபோல் இருந்தால் பசி ஆறவில்லை. மூன்றில் ஒரு பங்கு அப்படியே கிடந்து, புழுக்கையும் கல் போல் இறுகியிருந்தால், தட்டையைக் கூட்டாதீர்கள். கொடியையோ புண்ணாக்கையோ 50 கிராம் கூட்டி, ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுத்துப் பாருங்கள்.