‘சும்மா செருகித்தான் பார்த்தேன்’

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஆய்வு மாணவி ஒருவர் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றை என் மேசையில் வைத்தார். கள ஆய்வுக் கோப்புகளைத் தவறுதலாக அழித்துவிட்டார். பதறிப்போய்ப் பத்து நொடிக்குள் கேபிளைப் பிடுங்கியும்விட்டார். அதுவரை சரி. “ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மூன்று முறை செருகிப் பார்த்தேன் சார். எதையும் எழுதவில்லை.”

நீங்கள் எழுதவில்லை அம்மா, கணினியை இயக்கும் லினக்ஸ் எழுதியது.

டிஸ்க்கைக் கண்டுகொள்வது வேறு, அதிலுள்ள கோப்புகளைத் திறக்கத் தயாராக்குவது, அதாவது மவுண்ட் செய்வது, வேறு. லினக்ஸின் மையமான கெர்னல் கண்டுகொண்டால் பாதகமில்லை. அடுத்த கணமே, திரையில் நாம் பார்க்கும் சன்னல்களை நடத்தும் க்னோம் தானாக மவுண்ட் செய்கிறதே, வினை அங்கேதான். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஈஎக்ஸ்டி4 முறைமை, கோப்புகளைப் பற்றிய விவரங்களில் வரும் மாற்றத்தை முதலில் ஜர்னல் என்ற குறிப்பேட்டில் எழுதும். இயல்பாக 5 நொடிக்கொரு முறை. உரிய இடத்துக்கு அது போய்ச் சேர அரை நிமிடம்கூட ஆகலாம். கேபிளைப் பிடுங்கியபோது அழிப்பு அநேகமாகக் குறிப்பேட்டில் மட்டுமே இருந்திருக்கும். கோப்புகள் டிஸ்க்கில் எங்கே கிடக்கின்றன என்ற விவரம் பழைய இடத்தில் அப்படியே இருந்திருக்கும். மறுபடி செருகியதும், பாதியில் நின்ற அழிப்பை லினக்ஸ் பொறுப்பாக முடித்துவைத்தது.

“படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தால்?” என்று கேட்பவர்களே, அப்போதும் ஜர்னல் ஓடும், அதில் இருப்பது டிஸ்க்கில் எழுதப்படும்! ‘நோலோட்’ என்று சேர்த்துச் சொன்னால்தான் ஓடாது. பென் டிரைவும் விதிவிலக்கில்லை: எழுத அனுமதித்து மவுண்ட் செய்த மாத்திரத்தில் அவற்றில் பொதுவான ஃபேட் முறைமையில் ஓர் அடையாளம் மாறிவிடும். தடயவியல்காரர்கள் எழுதும் வழியையே அடைக்கும் கருவியோடு அலைவது வீம்புக்கல்ல.

க்னோமின் அமைப்புகளை மாற்ற உதவும் டிகான்ஃப் எடிட்டரில் ‘மீடியா ஹேண்ட்லிங்’ பகுதிக்குப் போய் ‘ஆட்டோமவுண்ட்’டை அணையுங்கள். பலர் ‘ஆட்டோமவுண்ட் ஓப்பன்’ என்பதை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அது சன்னல் திறப்பதை மட்டுமே நிறுத்தும். பலர் புழங்கும் கணினி என்றால் சாதனம் செருகியதும் என்ன செய்வது என்று சொல்லும் யூடெவ் விதியில் யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கு ‘யூடிஸ்க்ஸ் ஆட்டோ’வைச் சுழியமாக்குங்கள். கோப்பு போய்விட்டதா? தயவுசெய்து அந்த டிஸ்க்கை எதிலும் செருகாமல் கொண்டுவாருங்கள். நாங்கள் அதை மவுண்ட் செய்யாமலே டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளில் முழுநகல் எடுத்து, நகலில்தான் கைவைப்போம்.

மாணவியின் புகைப்படங்கள் பெரும்பாலும் கிடைத்தன, பெயரும் தேதியும் இல்லாமல் எண்களாக. அளவீடுகளை வைத்திருந்த சிஎஸ்வி கோப்புகள் வெறும் எழுத்து. தேடிப் பிடிக்க, புகைப்படங்களுக்கு இருப்பதுபோல் கோப்பின் தொடக்கத்தில் வகையைக் காட்டும் முத்திரை அவற்றுக்குக் கிடையாது. ஒன்றுகூட முழுதாக வரவில்லை.