வால்யூம்: மடலமா, துண்டா?

பல கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கிய பெரிய பொதி ஒன்றைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வைக்கும்போது, அப்பகுதி ஒவ்வொன்றையும் வால்யூம் என்பது கணினி வழக்கு. அன்றாடப் பேச்சில் இச்சொல் ஒலியளவையும், இயற்பியல் பாடத்தில் கன அளவையும், நூலகத்தில் பெருநூலின் ஒரு பகுதியையும் குறிக்கிறது. இவற்றுள் கணினி வழக்குக்கு நெருக்கமானது நூலகப் பொருளே. அதுவே மூத்த பொருளும் ஆகும். கணினி வழக்குக்குத் தமிழில் ஏற்ற சொல் எது என்பதே இங்குக் கேள்வி.

இலத்தீனில் வோல்வெரே என்றால் உருட்டுதல். அதிலிருந்து பிறந்த வோலூமென், சுருட்டி வைக்கப்பட்ட ஏட்டைக் குறித்தது. நீண்ட நூல் ஒரே சுருளில் அடங்காமல் பல சுருள்களில் எழுதப்பட்டதால், சுருளின் பெயர் நூற்பகுதிக்கும் ஆகிவந்தது. பின்னர் நூலின் பருமனைக் குறித்து, அதன் வழியே கன அளவுக்கும் ஒலியளவுக்கும் பரவியது. காந்த நாடாக்களில் தரவு சேமிக்கப்பட்ட காலத்தில் ஒரு நாடாச் சுருளே ஒரு வால்யூம் எனப்பட்டது. சொல் சுற்றிச் சுற்றிப் பழைய சுருளுக்கே வந்து சேர்ந்ததை என்னவென்பது!

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற, கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டும் டார் கட்டளையின் பெயரே நாடாக் காப்பகம் என்னும் பொருளுடைய டேப் ஆர்க்கைவ் என்பதன் குறுக்கம். குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டம் தரும் அதன் வடிவத்தில், பல வால்யூம்களாக எழுதச் சொல்லும் பெரிய எம் தெரிவைக் கொடுத்து, பெரிய எல் தெரிவில் 102400 என்று அளவு குறித்தால், 1024 பைட்டுகள் கொண்ட அலகுகள் அத்தனை நிரம்பியதும் கட்டளை நின்று, இரண்டாம் வால்யூமை ஆயத்தம் செய்து ரிட்டர்ன் விசையை அழுத்துமாறு கேட்கும். நாடாவை மாற்றும் ஆளை எதிர்நோக்கிய அந்த வாசகம் இன்றும் அப்படியே இருக்கிறது. அடுத்த வால்யூமின் தலைப்பகுதியில், எந்தக் கோப்பு எந்தப் பைட்டிலிருந்து தொடர்கிறது என்ற குறிப்பும் எழுதப்படும். ஆனால் இம்முறையில் சுருக்கத்தைச் சேர்த்துச் செய்ய டார் மறுத்துவிடும்.

ஆகவே சுருக்கிய பொதியைப் பிரிக்கப் பெரும்பாலோர் நாடுவது, கோப்பை வெட்டித் தரும் ஸ்ப்ளிட் கட்டளையையே. டார் தரும் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியே அதற்கு அனுப்பி, சிறிய பி தெரிவில் 100எம் என்று குறித்தால் 10,48,57,600 பைட்டுகளுக்கு ஒரு வெட்டு விழும். 100எம்பி என்று எழுதினால் வெட்டு 10,00,00,000 பைட்டுகளுக்கு மாறிவிடும். பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் எக்ஸ்ஏஏ, எக்ஸ்ஏபி என்று கோப்புகள் வரிசையாக விழும். இவற்றுள் தலைப்பகுதி இல்லை, வரிசை எண் இல்லை. கோப்புப் பெயரின் அகரவரிசை ஒன்றே அடையாளம். கேட் கட்டளையால் அவ்வரிசையில் ஒட்டினால் மூலப் பொதி ஒரு பைட்டும் மாறாமல் திரும்பக் கிடைக்கும். நடுவே ஒன்று தொலைந்தால், அதற்குப் பின்னுள்ளவை இருந்தும் பெரும்பாலும் பயனில்லை.

ஆக, டார் எழுதும் பகுதியும் ஸ்ப்ளிட் வெட்டும் பகுதியும் ஆங்கிலத்தில் ஒரே பெயரால் வழங்கினாலும் வேறு வேறு பொருள்கள். தமிழில் தொகுதி என்று எழுதுவோர் உண்டு. தொகுத்தது என்ற பொருளுடைய சொல் பிரித்ததற்குப் பொருந்தவில்லை என்பதோடு, வட்டின் பிரிவுக்கும் அச்சொல்லே வழங்குவதால் குழப்பமும் நேர்கிறது. பாகம் வடசொல். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி தன் பெரும் பகுதிகளுக்கு மடலம் என்று பெயரிட்டுள்ளது. பனை, தாழை ஆகியவற்றின் மடலை நினைவூட்டும் அச்சொல், தனக்கென ஒரு தலைப்பும் வரிசையும் உடைய பகுதிக்கு நன்கு பொருந்தும். டார் எழுதுபவையும், ரார் என்னும் சுருக்க மென்பொருள் ஒவ்வொன்றிலும் தனித் தலைப்பகுதியோடு எழுதும் பகுதிகளும் மடலங்கள். அவை அடங்கிய முழுமை பன்மடலப் பொதி. ஸ்ப்ளிட் வெட்டித் தருபவற்றுக்குத் துண்டு என்ற எளிய சொல்லே போதும்.

செவன்-ஜிப் என்னும் சுருக்க மென்பொருள் மட்டும் சற்றே ஏமாற்றும். அதன் கட்டளையில் சிறிய வி தெரிவு வால்யூமைக் குறித்தாலும், 001, 002 என்று முடியும் அதன் கோப்புகள் கேட் கட்டளையால் ஒட்டத்தக்க வெறும் வெட்டுகளே. எனவே தமிழில் அவற்றையும் துண்டு என்று எழுதுவதே சரி.