டிவி பேச்சு புரியவில்லையா? சத்தத்தைக் கூட்டும் முன் உதட்டைப் பாருங்கள்

காது மந்தமான பெரியவர் "டிவியில பேசுறது புரியல" என்றதும் வீட்டார் சத்தத்தைக் கூட்டுவார்கள், அல்லது புளூடூத் ஹெட்போன் வாங்கித் தருவார்கள். அதற்குப் பிறகும் புரியவில்லை என்றால், ஒலி படத்துக்குப் பிந்தி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

‘பல்’லா ‘கல்’லா என்று காதுக்குப் பிடிபடாதபோது, உதடு மூடியதைக் கண்டுதான் மூளை ‘பல்’ என்று முடிவு செய்கிறது. ஒலி பிந்தினால் இந்தத் துணை கைவிட்டுப் போகும். காது மிஷினுக்கு நேராக ஒலி அனுப்பினாலும் இதே சிக்கல் வரலாம்.

ஆற்றின் அக்கரையில், 100 மீட்டர் தள்ளி ஒருவர் துணியைக் கல்லில் அடிக்கிறார். துணி கல்லில் பட்டு 0.3 நொடி கழித்துத்தான் ‘தப்’ என்று கேட்கும். இயற்கையில் ஒலி பிந்தும், முந்தாது. அதனால் மூளையும் பிந்துவதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், முந்தினால் சட்டென்று கண்டுகொள்ளும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998 பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது. சாதாரண புளூடூத் ஹெட்போன் 150 முதல் 250 வரை எளிதாகப் பிந்தும். சில டிவிகள் படத்தையும் அதற்கேற்பத் தாமதித்துக் காட்டும், எல்லாம் அல்ல.

அளந்து பார்க்கலாம். கைதட்டும் வீடியோ ஒன்றை டிவியில் ஓடவிட்டு, ஹெட்போனை மொபைல் மைக்கின் அருகே வைத்துத் திரையைப் படம்பிடியுங்கள். எடிட்டிங் செயலியில் திறந்து, கைகள் சேரும் ஃபிரேமிலிருந்து (வீடியோவின் ஒரு தனிப்படம்) ஒலி அலை துள்ளும் இடம் வரை எண்ணுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒன்று 33 மில்லிநொடி. 6 ஃபிரேம் தள்ளியிருந்தால் 200.

இனித்தான் பலர் தவறுகிறார்கள். டிவியின் ‘ஆடியோ டிலே’ பெரும்பாலும் ஒலியை இன்னும் பின்தள்ள மட்டுமே உதவும். பிந்திய ஒலிக்கு அதைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். முதலில் அதைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள், முடிந்தால் வயர் ஹெட்போனுக்கு மாறுங்கள். விண்டோஸ் கணினியில் விஎல்சி பிளேயர் என்றால் ஜே விசையை ஒருமுறை தட்ட, ஒலி 50 மில்லிநொடி முன்னால் வரும்.

கண்ணை மட்டும் நம்பிச் சரிசெய்ய வேண்டாம். ஒத்துப்போகாத படத்தைச் சில நிமிடம் பார்த்தாலே, எது ‘ஒரே நேரம்’ என்ற கணக்கை மூளை அந்தப் பக்கமாக நகர்த்திக்கொள்ளும் என்று 2004-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. வீட்டார் "சரியாத்தானே இருக்கு" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரில் பேசுபவரின் குரலே உதட்டசைவுக்கு முந்திக் கேட்பதாக ஒருவர் திடீரென்று சொன்னால், கோளாறு டிவியில் இல்லை. 2013-இல் பதிவான அப்படி ஒருவருக்கு மூளையின் ஆழ்பகுதிகளில் பாதிப்பு இருந்தது. தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.