கைக்குழந்தையின் கழுத்துச் சாய்வு: கொழும்பில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சை

பிறந்து மூன்று நான்கு கிழமையான பிள்ளை எந்நேரமும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, நாடியை மறுபக்கம் திருப்பி வைத்திருந்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு "உரம் விழுந்திருக்கு" என்பதுதான். அப்புறம் சேலையில் போட்டு உருட்டுவார்கள், எண்ணெய் பூசிக் கழுத்தை இழுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யவிட வேண்டாம். அரச சுகாதார சேவையில் இதற்குச் சிகிச்சை உண்டு, காசு கட்டத் தேவையில்லை.

முதலில் சொல்ல வேண்டியது உங்கள் பகுதி மிட்வைஃபிடம். பிள்ளை பிறந்த முதல் 10 நாட்களுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வந்து பார்ப்பது அவருடைய கடமை. அதற்குப் பிறகு சாய்வு தெரிந்தால் பிள்ளைகள் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இரண்டாம் மாத ஊசி வரை பொறுத்திருக்க வேண்டாம், இங்கே ஒவ்வொரு கிழமையும் முக்கியம். பொரளையிலுள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு நேராகவும் போகலாம். ஆஸ்பத்திரியில் தந்த பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு கையில் இருக்கட்டும். பிள்ளை கால் முன்வந்து பிறந்ததா, ஆயுதம் போட்டு எடுத்ததா என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம், காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசைதான். இதில் மூன்று விதம் உண்டு. மிக லேசானது, ஒரே பக்கம் பார்த்துப் பழகியதால் வருவது. தசையில் இறுக்கம் இராது. அடுத்தது, தசை இறுகிக் குறுகியிருப்பது. மூன்றாவதில் அந்தத் தசையில் ஒரு கட்டி தட்டுப்படும். அதைத் தொட்டுப் பார்த்த தாய் நடுங்கிப் போவாள். அது புற்றுநோய் அல்ல, சில மாதங்களில் தானே கரையும். ஆனாலும் ஸ்கேன் பார்த்து உறுதிசெய்வது நல்லது. இடுப்பு மூட்டுக் குறையும் சேர்ந்து வரலாம் என்பதால், சொல்லாவிட்டாலும் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கழுத்து எலும்பின் அமைப்பு, கண் தசையின் பலவீனம் போன்ற காரணங்கள் அரிது. அவற்றுக்குச் சிகிச்சையே வேறு என்பதால்தான் டொக்டர் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்கக்கூடாது.

சிகிச்சையின் பெரும்பகுதி பிசியோதெரபி. கழுத்தை மெதுவாக நீட்டும் பயிற்சியைக் காட்டித் தருவார்கள். அதை நாளுக்குப் பல தடவை செய்யவேண்டியது நீங்கள். தமிழும் அரசகரும மொழிதான், விளங்காவிட்டால் தயங்காமல் தமிழில் கேளுங்கள். அவர்கள் முன்னாலேயே ஒருமுறை செய்துகாட்டிவிட்டு வாருங்கள். வீட்டில் பிள்ளை திரும்ப மறுக்கும் பக்கத்தில் நின்று கதையுங்கள், கிலுக்கையும் அந்தப் பக்கமே ஆட்டுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, குப்புறப் போடுங்கள்; தூங்கும்போது மல்லாந்துதான். ஒரே பக்கம் படுத்துத் தலை தட்டையாவதையும் விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது குறைக்கும். முதல் மூன்று மாதங்களுக்குள் தொடங்கினால் அநேகமான பிள்ளைகளுக்குக் கழுத்து நேராகிவிடும். ஒரு வயதாகியும் இறுக்கம் விடாத சிலருக்கே சத்திரசிகிச்சை.

நன்றாயிருந்த கழுத்து திடீரென்று சாய்ந்தாலோ, காய்ச்சலோ ஓயாத வாந்தியோ சேர்ந்திருந்தாலோ, பிள்ளை விழுந்த பிறகு சாய்ந்தாலோ கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.